பின்பக்கத்து இடது ஸ்பீக்கர்

ஒரே ஒரு ஒயரைப் பிடுங்கச் சொல்லி, உயிரோடு இருக்கும் ஒரு மனிதனின் வாயை அடைத்துவிட முடியும் என்பது அந்தப் புதன்கிழமை காலை ஒன்பதே கால் மணி வரை முத்துக்குமரனுக்குத் தெரியாது.

ஒன்பதே காலுக்கு அவன் திருநகரில், சுபலட்சுமியின் வீட்டு மாடியறையில், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் தலையை நுழைத்து ஒயர்களைத் தடவிக்கொண்டிருந்தான்.

"பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பியாகணும் அண்ணே," என்றாள் சுபலட்சுமி. "இல்லைன்னா லிஸ்ட்ல இருந்து தூக்கிருவாங்களாம்."

"அனுப்பிருவோம் மேடம். பிடுங்கச் சொன்னதும் நான்தானே. நானே மாட்டித் தாரேன்."

சுபலட்சுமிக்கு இருபத்தேழு வயது. கேம் கன்சோலில் ஆடிக்கொண்டே மதுரைத் தமிழில் வாயடித்து, அதைப் பதிவு செய்து இணையத்தில் போடுகிறவள். அதைப் பார்த்த பெங்களூர் கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிடும் நிலைக்கு வந்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. அவள் ஆடுவதை ஆறு ஸ்பீக்கர் சத்தத்தோடு, எது எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அப்படியே பதிவு செய்து அனுப்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை அனுப்பினாள். பதில் உடனே வந்துவிட்டது. பின்பக்க இடது சேனல் வெறுமையாக இருக்கிறது, சரிசெய்து அனுப்பவும்.

அந்த வெறுமையின் கதை திங்கட்கிழமை தொடங்கியது.

திங்கள் மதியம் முத்துக்குமரன் முதல் தடவையாக அந்த வீட்டுக்கு வந்தபோது, பதிவில் முன்பக்கத்து இரண்டு ஸ்பீக்கர் சத்தம் மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தது. அறையில் ஆறும் பாடின. கம்ப்யூட்டரில் இரண்டுதான். பத்து நிமிடத்தில் நோயைக் கண்டுபிடித்தான். ஆறு சத்தத்தையும் கன்சோல் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புகிறது, நடுவில் இருந்து கம்ப்யூட்டருக்குப் பிடித்துத் தரும் கேப்சர் பெட்டிக்கு மூட்டையைப் பிரிக்கத் தெரியாது, பிரித்தே அனுப்பச் சொல்ல வேண்டும் என்று விளக்கினான். கன்சோலின் செட்டிங்கில் ஒரு வரியை மாற்றினான். கம்ப்யூட்டரில் இரண்டு என்றிருந்ததை ஆறாக்கினான். திரையில் ஆறு பச்சைக் கோடுகள் எழும்பி ஆடின. வேலை முடிந்தது என்று ஒத்தக்கடைக்குக் கிளம்பிவிட்டான்.

முத்துக்குமரனின் அப்பா ஒத்தக்கடையில் மைக்செட் வைத்திருந்தவர். மகன் வளர்ந்தது குழாய் ஸ்பீக்கர்களுக்கு அடியில். பத்தொன்பது வயதில் ஒரு திருவிழாவில் குழாயின் வாய்க்கு நேராக நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது ஆம்ப்ளிஃபயர் ஊளையிட்டது. அன்றோடு இடது காது போயிற்று. இந்த விஷயம் வீட்டாருக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். ஒற்றைக் காதுக்காரனைச் சவுண்ட் வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? வாடிக்கையாளர்களிடம் எப்போதும் வலது பக்கத்தைக் காட்டியே நிற்பான். காது கேட்காத இடத்தில் மீட்டரைப் பார்ப்பான். கோடு ஆடினால் சத்தம் உண்டு. ஆடாவிட்டால் இல்லை. பதினேழு வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை.

திங்கள் சாயங்காலம் ஏழரைக்கு, ஆட்டத்தை நிறுத்தாமலே போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் கூப்பிட்டாள். அவன் ஒரு காதுகுத்து வீட்டில், பந்தலடியில், பாட்டுச் சத்தத்துக்கு நடுவே நின்றிருந்தான். பின்னாடி இடது பக்கம் ஏதோ இரைச்சல் வருகிறது என்றாள். பானைக்குள் யாரோ முனகுவது போல, விட்டு விட்டு, நடுநடுவே தொப்பென்று ஒரு தட்டல். பதிவிலும் விழுகிறது.

மைக்செட் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பத்துக் குழாயில் ஒரு குழாய் இரைந்தால், ஏன் என்று ஆராய்ந்துகொண்டு நிற்கக் கூடாது. சாமி ஊர்வலம் காத்திருக்காது. இரைகிற குழாயின் லைனை முதலில் பிடுங்கு, காரணத்தை மறுநாள் பார். அந்தப் பழக்கம்தான் அவன் வாயில் வந்தது.

"அந்த லைனைப் பிடுங்கிருங்க மேடம். ரெக்கார்டுலயும் அந்தக் கோட்டை அடியில இறக்கி அடைச்சிருங்க. மத்த அஞ்சு போதும், ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

அவள் பிடுங்கினாள். அடைத்தாள். செவ்வாய்க்கிழமை முழுக்க ஆட்டத்தின் வேறு இடங்களில் நிம்மதியாக ஆடிப் பதிவு செய்தாள்.

இப்போது அதே ஒயரை அவன் திரும்பச் சொருகினான். கம்ப்யூட்டரில் அடைத்து வைத்திருந்த கோட்டைத் திறந்தான்.

"ஆட்டத்தைப் போடுங்க மேடம். திங்கக்கிழமை இரைச்சல் கேட்ட அதே இடத்துக்குப் போங்க."

திரையில் ஒரு மலைக்குகை விரிந்தது. இரண்டு பேர் விளக்கோடு பாழுங்குகைக்குள் இறங்கிப் பிழைத்து வெளியே வர வேண்டிய ஆட்டம். குகையின் முதல் அறையில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. சுபலட்சுமியின் உருவம் நெருப்பைப் பார்த்து நின்றது. அவளுக்குப் பின்னால், இடது பக்கம், பாறையில் சாய்ந்தபடி இன்னொரு உருவம் உட்கார்ந்திருந்தது. தலை தொங்கியிருந்தது. மடியில் ஒரு லாந்தர் விளக்கு மங்கலாக எரிந்தது.

"அது யாரு?"

"வீரணன். என் கூட்டாளி," என்றாள் அவள் வேண்டா வெறுப்பாக. இருவரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள், இணையச் சேனலையும் ஒன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். பெங்களூர் கம்பெனி அவளை மட்டும் கூப்பிட்டதில் ஞாயிற்றுக்கிழமை பெரிய சண்டை. பாதி ஆட்டத்தில் அவன் எழுந்து போய்விட்டான். அவள் அவன் நம்பரை பிளாக் செய்துவிட்டாள். ஆட்டத்தை ஒழுங்காக முடிக்காமல் போனால் உருவம் அப்படியே கிடக்கும் என்றும், திங்கள் சாயங்காலம் அவள் உள்ளே வந்தபோதும் அது அங்கேயேதான் கிடந்தது என்றும் சொன்னாள்.

முத்துக்குமரன் தலையாட்டிக்கொண்டு மீட்டரைப் பார்த்தான். ஆறு கோடுகளும் ஆடின. நெருப்பின் படபடப்பு, நீர் சொட்டு, காற்று.

"ஆட்டத்தோட சத்தம் எல்லாத்தையும் சைபர் ஆக்குங்க. நெருப்பு, தண்ணி, மியூசிக், எல்லாம்."

அவள் ஒவ்வொன்றாகக் குறைத்தாள். கோடுகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஐந்து கோடுகள் தரையோடு தரையாகக் கிடந்தன.

ஆறாவது படுக்கவில்லை.

பின்பக்க இடது கோடு மெதுவாக எழும்பியது. பாதி உயரம் போய் ஒரு கணம் நின்றது. மெதுவாக இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரை மனசுக்குள் எண்ணினான். மறுபடியும் எழும்பியது.

"கேக்குதா அண்ணே?" என்றாள்.

"கேக்குது," என்று வழக்கம்போலப் பொய் சொன்னான். அவனுடைய இடது காதுக்குப் பின்னால், இரண்டு முழத்தில், அந்த ஸ்பீக்கர் இருந்தது. அவனைப் பொறுத்தவரை அது ஒரு மரப்பெட்டி.

ஆனால் கோட்டின் ஆட்டம் அவனுக்குப் பிடிக்கவில்லை. கரண்ட் இரைச்சல் என்றால் ஒரே உயரத்தில் நிற்கும். ஒயர் பழுது என்றால் வெட்டி வெட்டிக் குதிக்கும். இது இரண்டுமில்லை. யாரோ பொறுமையாக ஒரு பாரத்தைத் தூக்கி இறக்குவது போல இருந்தது. கேப்சர் பெட்டியின் கேபிளை மாற்றிப் பார்த்தான். பிளக்கை வேறு சுவருக்கு மாற்றினான். பெட்டியையே அணைத்துப் போட்டான். கோடு அசரவில்லை. எழும்பியது. நின்றது. இறங்கியது.

"எப்படிக் கேக்குது உங்களுக்கு?" என்று பேச்சுவாக்கில் கேட்டான்.

"சும்மா இரைச்சல்தான்." அவள் இரண்டு கைகளையும் தேய்த்துவிட்டுக்கொண்டாள். வெளியே வைகாசி வெயில் ஒன்பதரைக்கே கண்ணைக் குத்தியது. அவள் கைகளில் மயிர் குத்திட்டு நின்றது.

"உங்க ஆளைக் கொஞ்சம் திருப்புங்க. நடக்க வேணாம். நின்ன இடத்துலயே திருப்புங்க."

அவள் கன்ட்ரோலரை லேசாகச் சாய்த்தாள். திரையில் நெருப்பு நகர்ந்தது. பின்பக்க இடது கோடு படுத்தது. முன்பக்க இடது கோடு எழும்பியது. இன்னும் திருப்பினாள். முன்பக்க இடது படுத்து, நடுக் கோடு எழும்பியது. இப்போது உட்கார்ந்திருந்த உருவம் நேர் எதிரே, இருட்டில், தலை தொங்கியபடி.

ஒயரில் வருகிற இரைச்சலுக்குத் திசை தெரியாது. நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் அது தன் குழாயிலேயே கிடந்து கத்தும். இந்தச் சத்தம் இடம் மாறியது. இதற்கு ஒரு இடம் இருந்தது. அந்தக் குகைக்குள், அந்தப் பாறையடியில்.

"பழைய மாதிரியே திருப்பி வைங்க," என்றான். பிறகு எழுந்து, நாற்காலியைத் தூக்கி, டிவிக்கு முதுகைக் காட்டிப் போட்டான்.

"என்ன அண்ணே பண்றீங்க?"

"எனக்கு இடது காது கேக்காதும்மா," என்றான். பதினேழு வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் அவன் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. "திங்கக்கிழமையும் நான் கேட்டுச் சொல்லலை. பார்த்துத்தான் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாம இருங்க."

திரும்பி உட்கார்ந்தான். வலது காது இப்போது அந்த மரப்பெட்டிக்கு நேராக இருந்தது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு வந்தது. குகையின் எதிரொலி அதைப் பிசைந்து, பானைக்குள் போட்டு உருட்டியது போல ஆக்கியிருந்தது. ஆனால் அடியில் இருப்பது தெரிந்தது. உள்ளே இழுக்கும்போது ஒரு கரகரப்பு. மேலே போய் ஒரு தடங்கல். வெளியே விடும்போது ஒரு நடுக்கம்.

அவனுடைய அப்பா கடைசி மூன்று நாள் அப்படித்தான் மூச்சு விட்டார்.

"இது இரைச்சல் இல்லைம்மா. இந்த ஆட்டத்துல கூட ஆடுறவங்க பேசினா எப்படிக் கேக்கும்?"

"அவங்க ஆளு எங்க நிக்குதோ அந்தப் பக்கமிருந்து..." அவள் பாதியில் நிறுத்தினாள். "அவன்தான் ஆட்டத்துலயே இல்லையே அண்ணே. ஞாயித்துக்கிழமையே போயிட்டானே."

"போனவன் மறுபடி வந்திருக்கலாம்ல? போனைப் போடுங்க."

அவள் பிளாக்கை எடுத்தாள். நம்பரைத் தட்டினாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள். ரிங் போனது.

அதே நேரம் குகைக்குள் ஒரு போன் அடித்தது.

ஒரு நாதஸ்வர ரிங்டோன். கல்யாண வீட்டு மேளம். பாழுங்குகையில், பாறைகளில் மோதி மோதி, பின்பக்கத்து இடது ஸ்பீக்கரில் வந்தது. சுபலட்சுமி போனைக் கட் செய்தாள். குகைக்குள் மேளம் நின்றது. மூச்சு மட்டும் மிச்சமிருந்தது.

"அவன் ரிங்டோன்தான்," என்றாள்.

"கிட்டப் போங்க," என்று அவன் டிவி பக்கம் திரும்பினான்.

"பயமா இருக்கு அண்ணே."

"எனக்கும்தான். கிட்டப் போனாத்தான் எதிரொலி குறையும். போங்க."

அவள் கன்ட்ரோலரைத் தள்ளினாள். திரையில் இருட்டு நெருங்கியது. ஒவ்வொரு அடிக்கும் மூச்சு தெளிந்தது. பானை உடைந்து உள்ளே இருந்தவன் வெளியே வந்துகொண்டிருந்தான். உருவத்துக்கு முன்னால் போய் நின்றபோது சத்தம் நடு ஸ்பீக்கரில், அவர்கள் முகத்துக்கு நேராக, ஓர் அறைக்குள் கிடக்கும் மனிதனின் மூச்சாகவே இருந்தது. பின்னணியில் ஏசி ஓடும் முனகல்கூடக் கேட்டது. கன்ட்ரோலரின் மைக் எங்கோ திறந்து கிடந்தது.

"வீரா," என்றாள் சுபலட்சுமி. "வீரா, நான்தான்."

மூச்சு நின்றது. எட்டு வரை எண்ணும் நேரம் நின்றது. உலோகத்தை நகத்தால் சுரண்டுவது போல ஒரு ஒலி. பிறகு ஒரு குரல். அது குரல் இல்லை, குரல் இருந்த இடம்.

"சுபா... தண்ணி..."

திரையில் லாந்தர் விளக்கு அணைந்தது.

உருவம் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது. விளக்கு மட்டும் இல்லை. ஆறு கோடுகளும் தரையில் படுத்துவிட்டன. மூச்சு இல்லை, ஏசி இல்லை, ஒன்றுமில்லை. அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சுபலட்சுமி கன்ட்ரோலரை நழுவவிட்டாள். "மூச்சு நின்னுருச்சா அண்ணே?"

முத்துக்குமரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். சரியாகப் பத்து. மைக்செட்காரன் எதை மறந்தாலும் கரண்ட் கட் அறிவிப்பைப் படிக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டான். தொழிலே அதில்தான் இருக்கிறது. காலையில் மைக்செட்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்த பட்டியலைத் திறந்தான். பராமரிப்புப் பணி, காலை பத்து மணி முதல். விரலால் தேய்த்துக்கொண்டே வந்தான்.

"அவர் வீடு எங்க இருக்கு?"

"கீழக்குயில்குடி. ஊருக்கு வெளியில தோட்டத்துல."

விரல் நின்ற இடத்திலும் அதே பெயர்தான் இருந்தது.

"மூச்சு நின்னா அந்த விளக்கு அணையாதும்மா," என்றான். "அவர் கன்சோலுக்குக் கரண்ட் நின்னாத்தான் அணையும். ஞாயித்துக்கிழமையே அவர் போயிருந்தா அன்னைக்கே அணைஞ்சிருக்கும். அவர் இப்ப வரைக்கும் அங்கதான் இருந்திருக்காரு. கிளம்புங்க."

படியிறங்கும்போதே அவள் மற்றதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் வேகம் கூடியது. வீரணனின் அப்பா அம்மா திருப்பூரில் மகள் வீட்டில். ஆட்டப் பதிவுக்காக அவன் மாடியறையைச் சத்தம் போகாமல் அடைத்து வைத்திருக்கிறான். நான்கு சுவரிலும் முட்டை அட்டை, அதன் மேல் பஞ்சு மெத்தை. ஜன்னலுக்குத் தெர்மாகோல், அதற்கு மேல் பலகை. உள்ளே எம்புட்டுக் கத்தினாலும் வாசலில் நிற்கிற ஆளுக்குக் கேட்காது. அதுதான் அவனுக்குப் பெருமை.

காற்றுப் போக வழியில்லாத அந்த அறையை இதுவரை காப்பாற்றியது ஏசி. ஏசி நின்று நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

பைக்கில் அவள் பின்னால் உட்கார்ந்து நூற்றெட்டுக்குப் போன் செய்தாள். குறுக்கு ரோட்டில் அவன் ஓட்டிய ஓட்டத்தில் இரண்டு இடத்தில் லாரிக்காரர்கள் திட்டினார்கள். ஹாரன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. சமணர் மலை வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. ஆலமரத்தடி டீக்கடையில் உக்கிரபாண்டி என்ற பெரியவரிடம் அவள் இரண்டே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேள்வி கேட்கவில்லை. கடைக்குப் பின்னாலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு தன் வண்டியில் பின்னால் வந்தார்.

வாசல் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். மூன்றாவது நெம்பலில் திறந்தது. மாடியறைக் கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. முத்துக்குமரன் தள்ளினான்.

உள்ளே இருட்டும் வெக்கையும் ஒன்றாக முகத்தில் அடித்தன. ஒரு நாற்றம். அவன் கால் வைத்ததும் ஏதோ ஒன்று தப்பாகப் பட்டது. தன் காலடி தனக்கே கேட்கவில்லை. பஞ்சும் அட்டையும் எல்லாவற்றையும் குடித்துவிட்டன. பின்னால் படியில் வந்துகொண்டிருந்த சுபலட்சுமியின் கூப்பாடு, கதவைத் தாண்டியதும் வெட்டிவிட்டது போல நின்றது.

மூச்சு கேட்டது. இப்போது எதிரொலி இல்லாமல், பக்கத்தில், மிக மெல்லியதாக. ஆனால் எந்தப் பக்கம்?

இரண்டு காது உள்ளவனுக்கு அது கேள்வியே இல்லை. ஒற்றைக் காதுக்காரனுக்கு எல்லாச் சத்தமும் ஒரே பக்கம்தான். அவன் நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பினான், சற்று முன் அவள் திரையில் தன் உருவத்தைத் திருப்பியது போல. கண்ணை மூடிக்கொண்டான். மூச்சு சிறுத்தது. இன்னும் திரும்பினான். பெருத்தது. அங்கே நின்று போனின் டார்ச்சை அடித்தான்.

இரும்பு ஷெல்ஃப் ஒன்று குப்புறக் கிடந்தது. அதன் அடியிலிருந்து ஒரு கை நீண்டு, நகங்கள் இரும்பைப் பிடித்திருந்தன. பக்கத்தில் உடைந்த ஏணி. ஏணிக்கு மேலே, சுவரின் உச்சியில், பின்பக்கத்து இடது மூலையில், பாதி முறுக்கிய திருகாணியில் ஒரு புது ஸ்பீக்கர் தொங்கிக்கொண்டிருந்தது.

ஷெல்ஃபைத் தூக்க மூன்று பேரும் தேவைப்பட்டார்கள். உக்கிரபாண்டி துண்டை நனைத்து அவன் உதட்டில் பிழிந்தார். ஒரேயடியாகக் கொடுக்காதே என்று சுபலட்சுமியின் கையைத் தட்டிவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தபோது மணி பதினொன்று. இன்னும் ஒரு மணி நேரம் அந்த அறை மூடிக் கிடந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை என்று அதில் வந்தவர் சொன்னார். பன்னிரண்டு மணி எப்போது வந்து போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

ஐந்தாம் நாள் முத்துக்குமரன் பெரியாஸ்பத்திரிக்குப் போனான். கையில் சாத்துக்குடிப் பை. வார்டு வாசலில் சுபலட்சுமி உட்கார்ந்திருந்தாள். இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, கத்திக் கத்தித் தொண்டைதான் இன்னும் சரியாகவில்லை என்றாள். பெங்களூர்க்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்களாம். அதை அவள் யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள்.

வேறொன்றையும் சொன்னாள். திங்கட்கிழமை மத்தியானம் அவன் ஆட்டத்துக்குள் வந்தது சமாதானம் பேசத்தான். அவள் வரும்வரை காத்திருந்திருக்கிறான். ஆறு ஸ்பீக்கர் வைத்துப் பதிவு செய்யப் போகிறாள் என்று தெரிந்து, அவள் பதிவு எப்படிக் கேட்கும் என்று தானும் கேட்டுப் பார்க்க ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறான். கடைசி ஸ்பீக்கருக்கு ஏறியபோது ஏணி சறுக்கி, பிடிமானத்துக்குப் பிடித்த ஷெல்ஃபும் சேர்ந்து மேலே விழுந்திருக்கிறது.

"நீங்க போய்ப் பாருங்க அண்ணே," என்றாள். "நான் அப்புறம் வாரேன். அவன் முகத்தைப் பார்க்க முடியலை. செவ்வாய்க்கிழமை ரெக்கார்டுல, இவன் இல்லாம நிம்மதியா இருக்குன்னு சிரிச்சுச் சொல்லிருக்கேன். என் மைக் திறந்துதான் இருந்துச்சு."

அவள் என்ன சொல்கிறாள் என்று முத்துக்குமரனுக்கு முழுதாகப் புரியவில்லை. உள்ளே போனான்.

வீரணன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். முகத்தில் தோல் மட்டும் மிச்சம். முத்துக்குமரனை அவன் பார்த்ததே இல்லை. தோட்டத்து வீட்டிலிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நினைவில்லாமல் கிடந்தான். யாரோ ஒருத்தன் என்று நினைக்கட்டும், பையை வைத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் முத்துக்குமரன் நினைத்திருந்தான். வழக்கம்போல வலது பக்கம் தெரிய நிற்கவும் தோன்றவில்லை. கட்டிலின் ஓரம் கிடைத்த இடத்தில் நின்றான்.

"எப்படி இருக்கீங்க தம்பி?" என்றான்.

வீரணனின் கண்கள் திறந்தன. ஆளைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தபடி உதடு அசைந்தது. முத்துக்குமரனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அசைவுதான் தெரிந்தது. இடது காது கட்டில் பக்கம் இருந்தது.

அவன் குனிந்து, தலையைத் திருப்பி, வலது காதை அந்த உதட்டுக்கு நேராகக் கொண்டுபோனான்.

"அந்த லைனைப் பிடுங்கிருங்க மேடம்," என்றது காற்றைப் போன்ற குரல். ஒரு சொல்கூட மாறவில்லை. "நீங்கதானே அண்ணே அது? போன்ல பேசினது? என் டிவியில கேட்டுச்சு. பின்னாடி பாட்டுச் சத்தம்கூடக் கேட்டுச்சு."

முத்துக்குமரனால் நிமிர முடியவில்லை.

"அதுவரைக்கும் அவளைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டு மணி நேரம். அதுக்கப்புறம் உங்களைக் கூப்பிட்டேன். பிடுங்காதீங்க அண்ணே, பிடுங்காதீங்க அண்ணேன்னு. பேர் தெரியலை. அண்ணேன்னு மட்டும்தான் தெரியும்."

வார்டின் மறுகோடியில் யாரோ ஸ்டீல் டம்ளரைக் கீழே போட்டார்கள். முத்துக்குமரனுக்கு அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஸ்டூலை இழுத்து, கட்டிலைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோய்ப் போட்டு, வலது காது அவனுக்கு நேராக இருக்கும்படி உட்கார்ந்தான்.

"இப்பக் கேக்குது தம்பி. அதுக்கப்புறம் என்னென்ன சொன்னீங்க? எல்லாத்தையும் சொல்லுங்க."

வீரணன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். எட்டு எண்ணும் நேரம். பிறகு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.